மறுமுனையில் ஆள் இருக்கிறாரா?

ஓய்வு பெற்ற பிறகு வேலூரில் ஒரு கல்லூரிக்கு அவ்வப்போது போய் வகுப்பெடுக்கிறேன். கணினித் துறைப் பிள்ளைகள். நெட்வொர்க் புரோகிராம் எழுதும்போது வருகிற சந்தேகங்களைக் கேட்பார்கள். எந்த வருடத்துப் பிள்ளைகளாக இருந்தாலும் கேள்விகள் பெரும்பாலும் அதேதான். சர்வரை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினால் அந்த போர்ட் இன்னும் உபயோகத்தில் இருப்பதாக ஏன் சொல்கிறது? ஒரே தடவை அனுப்பியது மறுபக்கம் ஏன் இரண்டு துண்டாக வருகிறது? ரெசீவ் பூஜ்ஜியம் கொடுத்தால் என்ன அர்த்தம்? இவற்றுக்குப் பதில் சொல்வது சிரமமில்லை. கரும்பலகையில் இரண்டு கணினிகளுக்கு இரண்டு பெட்டி வரைந்து, நடுவில் ஒரு கோடு போட்டு, கோட்டின் முனைதான் சாக்கெட் என்றால் புரிந்துவிடும்.

போன முறை ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தப் பக்கத்து மெஷின் செத்துப்போச்சுன்னா நம்ம சாக்கெட்டுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

வகுப்பு சிரித்தது. நான் ஏதோ வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். நானும் அத்தோடு நிறுத்திவிட்டு வேறு கேள்விக்குப் போய்விட்டேன். வெளியே வந்தபோது அந்தத் துறைப் பேராசிரியர், "பாதியில விட்டுட்டீங்களே மேடம், பசங்களுக்கு எழுதியாவது கொடுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் சத்துவாச்சாரிக்காரி. அப்பா மருத்துவமனையில் எழுத்தராக இருந்தார், அம்மா மிஷன் பள்ளி ஆசிரியை. கணிதம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலூரில் கணினி வகுப்பில் சேர்ந்தேன். மெஷின் முன்னால் உட்காரக் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும் என்பதால் சி மொழியைத் தாளில் எழுதியே கற்றுக்கொண்ட தலைமுறை நாங்கள். பிறகு ஆம்பூரில், தோல் பதனிடும் ஒரு டேனரியின் அலுவலகத்தில் தோல் இருப்புக் கணக்கைக் கணினியில் ஏற்றும் வேலை. அங்கிருந்து, பல டேனரிகளுக்கும் பொதுவாக அமைந்த ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாறினேன். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. தினமும் பஸ். மாதனூர் தாண்டியதும் வாடை உள்ளே வரும். புதிதாக ஏறியவர்கள் மட்டும் ஜன்னலை மூடுவார்கள்.

டேனரிகளிலிருந்து கழிவுநீர் பூமிக்கடியில் போட்ட குழாய்களில் வரும். தாழ்வான இடங்களில் ஆழமான கிணறுகள். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒரு பம்பு நிலையம். அங்கிருந்து இறைத்து அடுத்த கிணற்றுக்குத் தள்ளுவார்கள், கடைசியில் எங்கள் நிலையத்துக்கு வந்து சேரும். தண்ணீரோடு முடியும், சதைத் துணுக்கும், சுண்ணாம்புச் சகதியும் வந்து கிணற்றுச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். அதை எடுக்க ஆள் இறங்க வேண்டும். இறக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இறக்கினார்கள். அந்த வேலைக்கு எங்கேயிருந்து, எந்தத் தெருவிலிருந்து ஆள் வருவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் தலைமைப் பொறியாளர் ஜலீல் சார். வாணியம்பாடிக்காரர். முழுக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சிறிய டார்ச். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் நின்று பேச எல்லாருக்கும் ஒரு தயக்கம் இருக்கும். காரணம், அவர் கேட்கும் ஒரே கேள்வி.

"பம்பு ஓடுதா?"

"ஓடுது சார்."

"பாத்தியா, யாராவது சொன்னாங்களா?"

'சொன்னாங்க சார்' என்று சொன்னால் திட்டமாட்டார். "அப்போ சொன்னாங்கன்னே சொல்லு. ஓடுதுன்னு சொல்லாதே" என்பார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை வாழ்க்கை முழுக்க விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்த மனிதர். சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டால்கூட, 'வந்துடுச்சாம்' என்று 'ஆம்' போட்டுச் சொல்லும் அளவுக்கு எங்களைப் பழக்கிவிட்டார்.

கிணற்றில் இறங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மூடியைத் திறந்து போட்டுவிட்டு, காற்றை உள்ளே ஊதும் விசிறியை வைக்க வேண்டும். பிறகு, விஷவாயு பட்டால் கறுத்துவிடும் ஒரு காகிதத்தை நூலில் கட்டி அடிவரை இறக்கிப் பார்க்க வேண்டும். மூக்கை நம்பக் கூடாது என்பது அவர் கட்டளை. அந்த வாயு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை போல நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. காகிதம் வெள்ளையாக வந்தால் கட்டுப்பாட்டு அறைக்கு போன். அவர்கள் மேலே, இந்தக் கிணற்றுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு நிலையத்தைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மேலிருந்து தண்ணீர் வந்தால்தான் ஆபத்து. ஒரு டேனரியின் சுண்ணாம்பு நீரும் இன்னொன்றின் அமில நீரும் கிணற்றில் கலந்தால் அந்த வாயு சில நொடிகளில் பொங்கிவிடும். மேல் பம்பு நின்றது உறுதியான பிறகுதான் இடுப்பில் கயிறு கட்டி ஆளை இறக்க வேண்டும்.

உறுதி செய்வதற்காகத்தான் இரண்டாயிரத்தை ஒட்டி ஒரு திரை வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. ஒவ்வொரு பம்பு நிலையத்திலும் ஒரு கணினி, அதிலிருந்து ஒரு மோடம், வாடகைக்கு எடுத்த டெலிபோன் லைன். எங்கள் கட்டுப்பாட்டு அறையில் ஒரு சர்வர். சுவரில் பெரிய படம். மின்சாரப் பலகைகளின் வழக்கப்படி பம்பு ஓடினால் சிவப்பு, நின்றால் பச்சை. புரோகிராமின் மூலத்தை, அதாவது திருத்தக்கூடிய வடிவத்தை அவர்கள் தரவில்லை, ஓடுகிற வடிவத்தை மட்டும் தந்தார்கள். பராமரிப்பு என் பொறுப்பு என்றார்கள். மூலம் இல்லாமல் எதைப் பராமரிப்பது என்று ஜலீல் சார் கேட்டார். ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது.

வந்த புதிதில் ஒரு கோளாறு. ஒரு கிணற்றில் நீர்மட்டம் திடீரென்று அடியோடு குறைந்துவிட்டதாகத் திரை காட்டும், அடுத்த நொடி சரியாகிவிடும். ஆபரேட்டர் தனசேகர், "இன்னா மேடம் இது, கெணறு மூச்சு உட்ற மாதிரி ஏறி எறங்குது" என்றார். குடியாத்தத்துப் பையன், அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. லைனில் வருவதை அப்படியே காட்டும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்துப் பார்த்தேன். நூற்றிருபது என்று பம்பு நிலையம் அனுப்புவது, பழைய லைனில் சில சமயம் பன்னிரண்டு ஒரு துண்டாகவும், பூஜ்ஜியம் அடுத்த துண்டாகவும் வந்தது. ஒருமுறை அனுப்பினால் ஒருமுறை வரும் என்று நம்பி எழுதியிருந்தார்கள். ஜலீல் சாரிடம் போய் விளக்கினேன்.

"பக்கெட் பக்கெட்டா ஊத்தினாலும் குழாய்ல போறது ஒரே தண்ணிதான். அந்தப் பக்கம் நிக்கிறவன் எத்தன பக்கெட்டுன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"அதேதான் சார்."

"அப்போ ஒவ்வொரு பக்கெட்டுக்கும் முடிவுல ஒரு அடையாளம் போடச் சொல்லு."

கணினிகள் பேசிக்கொள்ளும் டிசிபி முறையைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. சென்னைக் கம்பெனிக்கு எழுதினோம். அவர்கள் திருத்தி ஒரு பிளாப்பியில் அனுப்பினார்கள். கிணறு மூச்சு விடுவது நின்றது. அதற்குப் பிறகு திரையின் மேல் எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ஏழுமலை இறந்தது அதற்கு அடுத்த வருடம்.

அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். எனக்கு அவரைக் கொஞ்சம் தெரியும். டீ நேரத்தில் கணினி அறை வாசலில் நின்று, "மேடம், உள்ள ஏசி போடுவீங்களாமே, கொஞ்சம் கதவத் தெறந்து வைங்க, ஊரே குளிரட்டும்" என்பார். சல்லடை வேலையில் அவரைவிட வேகமான ஆள் கிடையாது. அதனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று மத்தியானம் நான்காம் நிலையத்துக் கிணற்றில் சல்லடை அடைத்துக்கொண்டது. மூடியைத் திறந்தார்கள். விசிறி வைத்தார்கள். காகிதம் வெள்ளையாக வந்தது. கட்டுப்பாட்டு அறைக்கு போன் செய்தார்கள். தனசேகர் மேலே மூன்றாம் நிலையத்தைக் கூப்பிட்டு பம்பை நிறுத்தச் சொன்னார். அங்கே பொத்தானை அழுத்தினார்கள். திரையில் சிவப்பு பச்சையானதை தனசேகர் பார்த்தார். "மூணு நின்னுடுச்சி, பச்சை காட்டுது, எறங்கலாம்" என்றார். ஜலீல் சார் வகுத்த முறையில் ஒன்றுகூட விடுபடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு பலரும் வேறு மாதிரி சொன்னார்கள்.

ஏழுமலை இறங்கினார். அவர் உள்ளே இருக்கும்போது, நான்கு வழிச் சாலைக்காகத் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம் மூன்றாம் நிலையத்து டெலிபோன் கேபிளை அறுத்தது. அது யாருக்கும் தெரியாது. சற்று நேரத்தில் அங்கே மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. அது தினமும் நடப்பதுதான். ஆனால் அந்த நிலையத்துப் பலகை, மின்சாரம் போய் வந்ததும் யாரோ பொத்தானை அழுத்தி நிறுத்தியதை மறந்துவிட்டது. அங்குள்ள கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்திருந்ததால் பம்பைத் தானாகவே ஓடவிட்டது. அங்கிருந்த ஆள் சத்தம் கேட்டு ஓடிவந்து மறுபடி நிறுத்தினார். போனை எடுத்தார். போனில் சத்தமே இல்லை.

சில நிமிடம் ஓடியிருக்கும். அது போதுமானதாக இருந்தது. மேலே கயிறு பிடித்திருந்தவர்கள் கீழே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டு இழுத்தார்கள். ஏழுமலை வெளியே வந்தபோது கண் திறந்துதான் இருந்தது. வண்டியில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிகொண்டாவுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள்.

தனசேகரின் திரையில் இவ்வளவு நேரமும் மூன்றாம் நிலையம் பச்சையாக இருந்தது.

மறுநாள் பேச்சு இரண்டு விதமாக ஓடியது. ஒன்று, ஏழுமலை அனுமதி கேட்காமல் இறங்கிவிட்டான் என்று. மற்றது, தனசேகர் இடத்தில் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தான் என்று. முதலாவதை நம்பினால் குடும்பத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதை நம்பினால் போலீசுக்கு ஒரு ஆள் கிடைத்துவிடும். தனசேகர் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார். முகம் வீங்கியிருந்தது.

"மேடம், நான் அந்த எடத்த உட்டு நகரவே இல்ல. எம் புள்ள மேல சத்தியமா சொல்றேன். பச்சையாத்தான் இருந்துது. சிவப்பு வரவே இல்ல."

"நீங்க பார்த்தீங்களா?"

"பாத்துக்கினே இருந்தேன் மேடம்."

பம்பு ஓடியது உண்மை. திரை பச்சையாக இருந்ததும் உண்மை என்றால் பொய் சொன்னது லைன். நான் ஜலீல் சாரிடம் போய், ஒரு நிலையத்தின் டெலிபோன் லைனைப் பிடுங்கிப் பார்க்க அனுமதி வேண்டும் என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நானும் வர்றேன்" என்றார்.

இரண்டாம் நிலையத்தில் ஒரு ஆளை நிறுத்தினோம். கட்டுப்பாட்டு அறையில் நான், ஜலீல் சார், தனசேகர். பம்பை நிறுத்தச் சொன்னோம். பச்சை வந்தது. "இப்ப மோடத்துலேர்ந்து ஒயர உருவு" என்றார் சார். அந்த நிலையத்துக்கு வேறு ஒரு டெலிபோனும் இருந்ததால் அதில் பேச முடிந்தது. உருவியாச்சு என்று பதில் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பச்சை. கொஞ்ச நேரம் கழித்தும் பச்சை. "பம்ப ஓட விடு" என்றார். டெலிபோன் வழியாகவே பம்பு ஓடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. திரையில் பச்சை.

ஜலீல் சார் டெலிபோனைக் காதிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிலிருந்து பம்பின் இரைச்சல் அறை முழுக்க வந்துகொண்டிருந்தது. தனசேகர் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அதுவரை அவருக்கே தன்மேல் சந்தேகம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"ஏம்மா ரூத்," என்றார் சார். "இதுல 'எனக்குத் தெரியல'ன்னு சொல்ல ஒரு கலரே இல்லியே."

இதற்குள் என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பம்பு நிலையத்துக் கணினி ஏதாவது மாறினால் மட்டும்தான் செய்தி அனுப்பும். மாறாவிட்டால் சும்மா இருக்கும். எங்கள் சர்வர் ரெசீவ் என்று கூப்பிட்டுவிட்டு, வரும்வரை காத்துக்கொண்டிருக்கும். மறுமுனை முறையாக மூடிவிட்டுப் போனால் பூஜ்ஜியம் வரும், தெரிந்துகொள்ளலாம். கேபிள் அறுந்தால் யார் மூடுவது? விடைபெறும் செய்தியும் அந்தக் கேபிள் வழியாகத்தானே வர வேண்டும். நாம் எதையாவது அனுப்பினால், பதில் வராமல் கடைசியில் பிழை என்றாவது சொல்லும். அனுப்பாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்கு, மறுமுனை அமைதியாக இருக்கிறதா, இல்லாமலே போய்விட்டதா என்று கடைசிவரை தெரியாது. மறுமுனை இருக்கிறதா என்று தானாக விசாரிக்கும் கீப்அலைவ் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதை நாமாகப் போட வேண்டும். போட்டாலும், மாற்றாமல் விட்டால் அது முதல் தடவை விசாரிப்பதே இரண்டு மணி நேர மௌனத்துக்குப் பிறகுதான். கிணற்றுக்குள் இருப்பவருக்கு அவ்வளவு நேரம் கிடையாது.

நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். டிசிபி என்பது நம்பகமான முறை, உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள், கேபிள் அறுந்தது டெலிபோன்காரர்கள் பிரச்சினை என்றார். நான் எழுந்து, "நம்பகம்னா வந்தது வரிசை மாறாம, விட்டுப்போகாம வரும்னு அர்த்தம் சார். வந்துகிட்டே இருக்கும்னு அர்த்தம் இல்ல" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். தெரிந்தவரின் பார்வை எனக்கும் தெரியும். சற்றுத் தாழ்ந்த குரலில், "நீங்க கேட்டதுல அது இல்லையே மேடம், லைன் கட்டானா காட்டணும்னு யாரும் எழுதலியே" என்றார்.

அது உண்மைதான். யாரும் எழுதவில்லை.

குழுவில் ஒருவர், "இதெல்லாம் ரொம்ப பேஜாரு. அந்த ஆளு கேக்காம எறங்கிட்டான்னு முடிச்சிட்டா எல்லாருக்கும் நல்லது. குடும்பத்துக்கு நம்ம கையால ஏதோ செஞ்சிடலாம்" என்றார். பலர் தலையசைத்தார்கள்.

ஜலீல் சார் பேசினார். குரல் உயரவில்லை. "கேட்டுத்தான் எறங்கினான். நான் போட்ட முறைப்படி எறங்கினான். தனசேகர் திரைய பாத்துத்தான் சொன்னான். அந்தத் திரைய வாங்கறதுக்குக் கையெழுத்துப் போட்டது நான். இதையே எழுதித் தர்றேன்."

எழுதித் தந்தார். தனசேகர் தப்பினார். ஆனால் அந்த நாற்காலியில் அதற்குப் பிறகு அவரால் உட்கார முடியவில்லை. சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே சைக்கிள் கடை வைத்தார். ஏழுமலையின் மனைவி காஞ்சனாவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது, நிலையத்திலேயே பெருக்கித் துடைக்கும் வேலையும் கிடைத்தது. ஜலீல் சாருக்கு உடம்பு சரியில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அவர் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம் என்று குழு கேட்டுக்கொண்டது. வழக்கு அவர் பேரில்தான் நடந்தது. வேலூர் கோர்ட்டு வராந்தாவில் அந்த வெள்ளைச் சட்டையோடு அவர் நிற்பதை ஒருமுறை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தீர்ப்பு வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். வாணியம்பாடி போய் வந்தேன்.

வேலையை விட்டுப் போவதற்கு முன்னால் அவர் எனக்கு ஒன்று செய்து கொடுத்துவிட்டுப் போனார். சென்னைக் கம்பெனியோடு சண்டை போட்டு புரோகிராமின் மூலத்தை வாங்கித் தந்தார். நான் திருத்தினேன். எதுவும் மாறாவிட்டாலும் ஒவ்வொரு நிலையமும் சில நொடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது நின்றுபோனால் திரையில் அந்த நிலையம் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். சாம்பல் இருக்கும்போது யாரும் இறங்கக் கூடாது.

நான் எதிர்பார்க்காதது, எங்கள் லைன்கள் அவ்வளவு மோசம் என்பது. மழை பெய்தால் சாம்பல். வெயில் ஜாஸ்தியானால் சாம்பல். இத்தனை நாளும் பச்சையும் சிவப்புமாக அழகாக இருந்த படத்தில் பாதி, பொழுதெல்லாம் சாம்பலாக இருந்தது. புதிய ஆபரேட்டர்கள் சலித்துக்கொண்டார்கள். இறங்கும் வேலைகள் தள்ளிப்போயின, கிணறுகள் நிரம்பி வழிந்தன.

ஒருநாள் காலை காஞ்சனா கட்டுப்பாட்டு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நான் சர்வர் பக்கம் நின்றிருந்தேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார்.

"அந்தக் கலரு இன்னாத்துக்கு மேடம்? பச்சையும் இல்லாம, செவப்பும் இல்லாம."

"அங்க இன்னா நடக்குதுன்னு நமக்குத் தெரியலன்னு அர்த்தம்."

திரைக்கு இன்னும் பக்கத்தில் போனார். பிறகு, "அன்னிக்கு இந்தக் கலரு இல்லியா மேடம்?" என்றார்.

"இல்லம்மா."

தலையை ஆட்டிவிட்டு மறுபடி பெருக்க ஆரம்பித்தார். எத்தனையோ பேருக்கு அந்த விபத்தை விளக்கியிருக்கிறேன். அவரைவிடச் சுருக்கமாக யாரும் புரிந்துகொண்டதில்லை.

புதிதாக வந்த மேனேஜருக்கு சாம்பல் பிடிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து தோல் வாங்குகிறவர்கள் நிலையத்தைச் சுற்றிப்பார்க்க வருவார்கள், பாதிப் படம் செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். "கேன்சல் பண்ணச் சொல்லல மேடம். கொஞ்சம் டைம் குடுங்க. அரை மணி நேரம் செய்தி வரலன்னா சாம்பல் காட்டட்டும். அதுக்குள்ள லைன் தானா வந்துடும்."

"அந்த அரை மணி நேரம் இன்னா கலர் சார் காட்டறது?"

"கடைசியா இருந்த கலர்தான்."

முடியாது என்றேன். ஏன் என்று சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் என்னைக் கணக்குப் பிரிவுக் கணினிக்கு மாற்றினார்கள். சென்னைக் கம்பெனியிலிருந்து ஆள் வந்து மாற்றிவிட்டுப் போனார். புரோகிராமில் ஒரே ஒரு எண்ணைத்தான் மாற்ற வேண்டும், அதிக வேலை இல்லை.

கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது ஒருநாள் காஞ்சனா வந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது.

"மேடம், அந்த சாம்பக் கலரு இப்பல்லாம் வர்றதே இல்ல. லைனெல்லாம் நல்லாய்டுச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிடத்தான் முதலில் தோன்றியது. உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். லைன் அப்படியேதான் இருக்கிறது, காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள் என்றேன். முகத்தில் இருந்தது மெல்ல மெல்லக் கலைந்தது. அழவில்லை. யார் மேலும் கோபப்படவும் இல்லை. "சரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் நேராகச் சல்லடை வேலைக்காரர்களிடம் போயிருக்கிறார். அடுத்த தடவை நான்காம் நிலையத்தில் அடைத்தபோது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து இறங்கலாம் என்று போன் வந்தது. யாரும் இறங்கவில்லை. மேனேஜர் போன் செய்து சத்தம் போட்டார். அப்போதும் இறங்கவில்லை. அவர்களில் ஒருவர் சைக்கிளில் மூன்றாம் நிலையத்துக்குப் போனார். பம்புப் பலகையைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, டவலில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மின்சாரம் போனாலும் வந்தாலும் அந்தப் பம்பு இனி ஓட முடியாது. அதன் பிறகுதான் மூடியைத் திறந்தார்கள்.

நான் இருந்த வரைக்கும் அப்படியே நடந்தது. மேனேஜர் தடுக்கவில்லை. நானும் ஒருமுறை நான்காம் நிலையம் வரை போய்ப் பார்த்தேன். சைக்கிளில் வந்தவர் டவலைப் பிரித்து ஃபியூஸ் கட்டைகளைக் காஞ்சனாவிடம் கொடுத்தார். அவர் அவற்றை முந்தானையில் முடிந்து, கிணற்றோரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். உள்ளே போனவர் ஏறி வந்து, குழாயடியில் முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நிற்கும்வரை அந்த முடிச்சை அவிழ்க்கவில்லை.